கப்பி ரோடு போட்ட காலத்துக் கைக்கருவிகள்

கேள்வி இதுதான்: "என் தாத்தா ரோடு வேலைக்குப் போனவர். பரணை ஒழித்தபோது அவருடைய சாமான்கள் மூன்று கிடைத்தன. எலுமிச்சம்பழம் அளவுக்கே தலை உள்ள ஒரு சுத்தியல், வளையல் மாதிரி ஓர் இரும்பு வளையம், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. பலகையின் ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். இவை எதற்கு? தார் வராத காலத்தில் கல் ரோட்டை எந்தக் கருவிகளை வைத்துப் போட்டார்கள்?"

சுத்தியல் ஜல்லி உடைக்க. வளையம் உடைத்த ஜல்லியை அளக்க. பலகை, ரோட்டின் முதுகு சரியாக வளைந்திருக்கிறதா என்று பார்க்க. உங்கள் தாத்தா மேஸ்திரியாக இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுத்தியல் யாரிடமும் இருக்கும், ஆனால் வளையத்தையும் பலகையையும் கூலியாள் கையில் கொடுக்க மாட்டார்கள். என் அப்பாவும் ரோடு மேஸ்திரி. நானும் சாலை வேலையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஜல்லிக் குவியல் இருந்தால் அதன் மேல் ஏறிப் பாருங்கள். கால் கொஞ்சம் புதைந்து, அப்புறம் நின்றுவிடும். அதே உயரத்துக்குக் கூழாங்கல்லைக் குவித்து ஏறினால் சறுக்கிக்கொண்டே இருக்கும். ஆற்றில் உருண்ட கல்லுக்கு முனை கிடையாது, ஒன்றை ஒன்று பிடிக்காது. உடைத்த கல்லுக்கு முனையும் விளிம்பும் உண்டு, அழுத்த அழுத்த ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். கல் ரோட்டின் சூட்சுமம் இந்தப் பூட்டுதான். குவாரி முதல் உருளை வரை எந்தக் கருவியை எடுத்தாலும், கல்லுக்கும் கல்லுக்கும் பிடிப்பு உண்டாக்கத்தான் அது இருக்கிறது.

குவாரியில் ஆரம்பிப்போம். கருங்கல்லுக்கு ஓட்டம் உண்டு, மரத்துக்கு நார் ஓடுவது மாதிரி. பழகிய கல்லுடைப்பவர் பாறையைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். அந்த ஓட்டத்தின் மேல் உளியால் வரிசையாகச் சின்னக் குழிகள் வெட்டி, ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை வைத்து, சம்மட்டியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் கோணலாகப் போய்விடும். எல்லா ஆப்பும் சம அளவில் இறங்க வேண்டும். மூன்று நான்கு சுற்று போனதும் சத்தம் மாறும். அதுவரை 'ணங்' என்று கேட்டது 'டொக்' என்று அடங்கும். கல் உள்ளே விட்டுவிட்டது என்று அர்த்தம். மாமல்லபுரம் போனால் சில பாறைகளில் தையல் போட்ட மாதிரி குழி வரிசைகளைப் பாருங்கள். ஆப்பு வைக்க வெட்டி, பிளக்காமல் விட்டவை. முறை அவ்வளவு பழசு.

தீ வைத்துப் பெயர்ப்பதும் உண்டு. பாறையின் மேல் விறகை அடுக்கி எரிப்பார்கள். மேல்தோல் சூட்டில் விரியும், அடியில் இருக்கும் கல் விரியாது, இடையில் விட்டுக்கொண்டு பலகை பலகையாக எழும். பெங்களூர்ப் பக்கக் குவாரிகளில் 19ஆம் நூற்றாண்டில் இதை வெள்ளைக்காரர்கள் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். எழும்பிய கல்லை நெம்பக் கடப்பாரை. சம்மட்டியின் பிடியைக் கவனித்திருக்கிறீர்களா? பிளந்த மூங்கிலில் போட்டிருப்பார்கள், அடிக்கும்போது வில் மாதிரி வளையும். கட்டை மரப் பிடி போட்டால் அடியின் அதிர்ச்சி முழுக்கத் தோளில் இறங்கும். பத்துப் பன்னிரண்டு பவுண்டு இரும்பை நாள் முழுக்கத் தூக்கி அடிப்பவருக்கு அந்த வளைவுதான் காப்பு.

இனி உங்கள் தாத்தாவின் சுத்தியல்.

பெரிய கல்லைச் சம்மட்டியால் உடைக்கலாம், ஆனால் அதே சம்மட்டியால் ஜல்லி உடைத்தால் பாதி தூளாகப் போகும். இதைக் கவனித்துச் சொன்னவர் ஜான் லௌடன் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் (1756–1836). 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர். அவருக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டு பெரிய சுத்தியலால் கல்லை அடித்தார்கள். உட்கார வையுங்கள், சின்னச் சுத்தியல் கொடுங்கள் என்றார் மக்காடம். தலை ஒரு பவுண்டு எடை, முகம் ஒரு ஷில்லிங் காசு அளவு, முனையில் எஃகு, பிடி குட்டை. உட்கார்ந்து செய்கிற வேலை என்றானதும் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும் அதைச் செய்ய முடிந்தது. அதை நல்லது என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலியைக் குறைக்கவும் அதுவே வழியாகப் போனது.

நம் ஊரில் நான் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு அம்மா குந்தியிருப்பார். முன்னால் ஒரு தட்டைக் கல், அதுதான் பட்டறை. பழைய சைக்கிள் டயரில் வெட்டிய வளையம் ஒன்றை அதன் மேல் வைத்து, நாலைந்து கல்லை அதற்குள் போட்டு, இடது கையால் வளையத்தைப் பிடித்துக்கொள்வார். வலது கையில் சுத்தியல். வளையம் இருப்பதால் உடைந்த சில்லு தெறிக்காது, கல்லை விரலால் பிடிக்கவும் வேண்டாம். அப்படியும் இடது கை விரல்களில் சைக்கிள் டியூபை நாடா மாதிரி வெட்டிச் சுற்றியிருப்பார். கண்ணுக்குத்தான் ஒன்றும் கிடையாது. தெறித்த சில்லில் பார்வை போனவர்களை எனக்குத் தெரியும். தூசு இன்னும் மோசம். கருங்கல் தூசு நுரையீரலில் படிந்தால் போகாது, சிலிக்கோசிஸ் என்கிற நோய் அதுதான்.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876–78இல், சென்னை மாகாணத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரண வேலைகளில் இதுவும் ஒன்று: சாலைக்கு மண் வெட்டுவது, ஜல்லி உடைப்பது. பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசாங்கம் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் குறைத்து நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். எலும்பும் தோலுமாக வந்தவர்களின் கையில் கொடுத்த சுத்தியலும் இந்தச் சின்ன வகைதான் என்று நினைத்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது.

அடுத்து வளையம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், அடிக்காத கருவி என்பதால். ஜல்லியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் திரும்பச் சுத்தியலுக்கு. தாமஸ் டெல்ஃபோர்டு (1757–1834), கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கிப் பொறியாளரானவர், லண்டனிலிருந்து வேல்ஸ் துறைமுகமான ஹோலிஹெட் வரை போட்ட சாலைக்கு இரண்டரை அங்குல வளையம் என்று விதித்தார். மக்காடம் எடையால் அளந்தார்: எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 170 கிராம். மேற்பார்வையாளர்கள் சின்னத் தராசைக் கையோடு வைத்திருந்தார்கள். தராசு இல்லாத ஆள் கல்லை வாயில் போட்டுப் பார்க்கட்டும், நுழைந்தால் சரி என்றும் ஒரு வழி உண்டு. ஒரு கிழவர் உடைத்த கல் எல்லாம் பெரிசு பெரிசாக இருந்ததாம், கேட்டால் பொக்கை வாயைத் திறந்து காட்டினாராம். கதைதான், ஆனால் ரோடு வேலை பார்த்தவன் நம்பக்கூடிய கதை.

ஏன் இவ்வளவு கறார்? வண்டிச் சக்கரம் ரோட்டைத் தொடுகிற இடம் ரொம்பச் சின்னது. கல் அதைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் கல்லின் ஒரு ஓரத்தில் ஏறி அதைப் புரட்டிவிடும். ஒரு கல் புரண்டால் பக்கத்துக் கல்லின் பூட்டும் விடும், பள்ளம் அங்கேதான் பிறக்கிறது. இன்றைக்கு நம் கப்பிச் சாலை விதிகளில் வருகிற 63 மி.மீ. சல்லடை, இரண்டரை அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதைப் பார்த்தால் அந்த வளையம் எவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது என்று புரியும்.

உடைத்த ஜல்லியை ரோட்டோரத்தில் ஒரே அளவான குவியல்களாக அடுக்கி, நீளம் அகலம் உயரம் அளந்து பணம் கொடுப்பார்கள். நூறு கன அடி ஒரு யூனிட். குவியலுக்கு நடுவில் மண் மேட்டை விட்டுவிட்டு மேலே ஜல்லியைப் போர்த்திக் கணக்குக் காட்டுவது அந்தக் காலத்திலேயே உள்ள வித்தைதான். என் அப்பா எந்தக் குவியலைப் பார்த்தாலும் கடப்பாரையை நடுவில் ஒரு குத்து குத்துவார். ஜல்லி என்றால் 'கரக்' என்று நிற்கும், மண் என்றால் சத்தமில்லாமல் இறங்கும். குத்திய பிறகு அவர் ஒன்றும் பேசமாட்டார், கான்ட்ராக்டரின் முகத்தைப் பார்ப்பார்.

சரி, கல் தயார். ரோடு போடுகிற இடத்தில் முதலில் குந்தாலியும் மண்வெட்டியும். படுகையை வெட்டி, மண்ணைச் சட்டியில் அள்ளி, சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து ஓரத்தில் கொட்டுவார்கள். அதன் பிறகு டெல்ஃபோர்டும் மக்காடமும் பிரிகிற இடம் வருகிறது. அடியில் கையால் அடுக்கிய பெரிய கல் வரிசை வேண்டும் என்பார் டெல்ஃபோர்டு. நடுவில் ஏழு அங்குல ஆழம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்து மூன்று அங்குலம். ஒவ்வொரு கல்லும் அகலமான பக்கம் கீழே, ஒடுங்கிய பக்கம் மேலே. நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சுத்தியலால் தட்டி எடுத்து, இடுக்குகளில் சில்லுக் கல்லைச் செருகி இறுக்க வேண்டும். மக்காடமோ, மண் காய்ந்திருந்தால் அதுவே தாங்கும், மேலே பத்து அங்குலத்துக்குச் சின்னக் கல் போதும் என்றார். செலவு குறைவு என்பதால் மக்காடம் ஜெயித்தார், பேரும் அவருடையதே நிலைத்தது.

ஆனால் நம் ஊர்க் களிமண்ணில் மழை பெய்தால் தெரியும் சேதி. அதனால்தான் அடியில் பெரிய கல் அடுக்குகிற 'சோலிங்' இங்கே இன்னும் சாகவில்லை. கரிசல் தரையில் சோலிங் கல் அடுக்காமல் ஜல்லியைக் கொட்டினால் இரண்டு மழைக்காலத்தில் மண் ஜல்லியை விழுங்கிவிடும். சோலிங் அடுக்குகிற ஆளின் கருவி ஒரு கொத்துச் சுத்தியலும் இரண்டு முளைக்கு நடுவே கட்டிய நூலும்தான். கல்லைத் தூக்கி ஒரு தரம் சுற்றிப் பார்ப்பார், எந்தப் பக்கம் உட்காரும் என்று கை முடிவு செய்யும், வைத்து ஒரு தட்டு. ஆடினால் இடுக்கில் ஒரு சில்லுக் கல், அதாவது சக்கை. கட்டடக் கொத்தனார் சுவரில் சக்கை வைப்பது போலவேதான், இங்கே சுவர் படுத்திருக்கிறது.

இதற்கு மேல் ஜல்லியைப் பரப்புவார்கள். மண்வெட்டியால் அள்ளினால் அடியில் உள்ள மண்ணும் சேர்ந்து வரும். பற்கள் வைத்த வாரியால் அள்ளினால் மண் இடுக்கில் விழுந்துவிடும், கல் மட்டும் நிற்கும். மக்காடம் மண் சேரவே கூடாது என்றவர், தண்ணீரைத் தேக்கி வைப்பது மண்தான் என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்கள் மேலே கொஞ்சம் செம்மண் தூவித் தண்ணீர் விட்டு இறுக்கினார்கள். நாம் கப்பி ரோடு என்று சொல்வது இந்தப் பிந்தைய வகை.

பரப்பும்போது மட்டம் பார்க்க இரண்டு சாமான்கள். ஒன்று, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரே உயரமுள்ள மூன்று மரக்கட்டைகள். போனிங் ராடு என்போம். மட்டம் தெரிந்த இரண்டு இடங்களில் இரண்டை நிறுத்தி, மூன்றாவதை நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மேஸ்திரி முதல் கட்டைக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மூன்றின் தலையும் ஒரே கோட்டில் வந்தால் இடம் சரி. நடுக்கட்டை மேலே தெரிந்தால் அங்கே ஜல்லி அதிகம். மூன்று குச்சிகளும் ஒரு நல்ல கண்ணும் இருந்தால் நூறடி ரோட்டுக்கு மட்டம் எடுத்துவிடலாம்.

இன்னொன்று உங்கள் பலகை. ரோடு தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கும். கேம்பர் என்பார்கள். பலகையின் ஒடுங்கிய முனையை ரோட்டின் நடுக்கோட்டிலும் அகன்ற முனையை ஓரத்திலும் வைத்து, மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். அடிவிளிம்புக்கும் ஜல்லிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே இன்னும் ஒரு சட்டி போட வேண்டும். கேம்பர் அதிகமானாலும் வம்புதான். மாட்டுவண்டிக்காரர்கள் சாயாமல் இருக்க நடுவிலேயே ஓட்டுவார்கள், நடு ரோடு மட்டும் தேய்ந்து இரண்டு தடம் விழும். மக்காடம் இதை அறிந்தவர், 30 அடி அகல ரோட்டுக்கு நடுவில் 3 அங்குல உயர்வு போதும் என்றார்.

இறுக்குவதற்கு என்ன கருவி என்று கேட்டால், மக்காடம் காலத்தில் பதில் வேடிக்கையானது: வண்டிகள். ஜல்லியைப் போட்டுவிட்டுப் போக்குவரத்தை விட்டுவிடுவார்கள், சக்கரங்களே இறுக்கும். தடம் விழ விழ ஆள் வாரியோடு நின்று நிரவுவான். நம் பக்கத்தில் திமிசுக் கட்டை. அடியில் கனமான தலை, மேலே நெட்டுக்குப் பிடி. தூக்கி, நேராக விட வேண்டும். புதிதாக வருகிறவன் பலம் கொடுத்துக் குத்துவான், அரை மணியில் கை விட்டுப்போகும். பழையவர்கள் தூக்குவதோடு சரி, விழுவதைப் பூமி பார்த்துக்கொள்ளும். நாலைந்து பேர் வரிசையாக நின்று ஒரே குரலில் ஐலசா போட்டு அடிப்பார்கள். வடக்கே கங்கர் என்கிற சுண்ணாம்புக் கட்டியை இதே மாதிரி துர்முட் என்ற கட்டையால் இடித்து இறுக்கினார்கள். பிரான்சில் கல் பாவுகிறவர்கள் இந்தக் கட்டைக்கு 'குமரிப் பெண்' என்று பொருள்படும் 'தெமுவசேல்' என்ற பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடி, இடுப்பில் கை வைத்து நிற்கிற பெண் மாதிரி இருக்கும் என்பதால். ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். தூக்கித் தூக்கிக் களைத்தவர்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

உருளை வந்தபோது வேலை மாறியது. முதலில் மாடும் ஆளும் இழுத்த கல்லுருளை, அப்புறம் நீராவி ரோலர். ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் ஜல்லி ஓரத்துக்குப் பிதுங்கும். பாதி இறுகியதும் குடத்தால் தண்ணீர் தெளித்து, செம்மண்ணைத் தூவி, தென்னந் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளுவார்கள். துடைப்பமும் ரோட்டுக் கருவிதான், யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. ஒற்றை ஜல்லியை எடுத்து ரோலருக்கு முன்னால் போடுவோம். அது ரோட்டுக்குள் புதைந்தால் இன்னும் உருட்ட வேண்டும். புதையாமல் நொறுங்கினால் வேலை முடிந்தது, டிரைவருக்கு டீ சொல்லலாம்.

சதுரமாகச் செதுக்கிய கல்லைப் பதிக்கிற ரோடு தனி வித்தை. அதில் லிஸ்பன் நகரத்துக்காரர்கள் கெட்டி. 1840களில் அங்கே ஒரு கோட்டைச் சிறைக் கைதிகளை வைத்து வெள்ளையும் கருப்புமாகக் கல் பதிக்க ஆரம்பித்தது, பிறகு நகரத்தின் பெரிய சதுக்கத்தில் அலை அலையாகப் பரவியது. ஆள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கல்லை உள்ளங்கையில் வைத்தே சுத்தியலால் தட்டி வடிவம் கொடுப்பார். அங்கே பெரும்பாலும் சுண்ணாம்புக் கல், அதனால் கையில் வைத்துத் தட்ட முடிகிறது. நம் கருங்கல்லில் அப்படிச் செய்தால் விரல் மிஞ்சாது. பூக்களுக்கும் அலைகளுக்கும் மரச்சட்டம் வைத்து, கல்லை மணலில் நட்டு, மேலே மரக்கட்டையால் இடித்துவிடுவார்கள். ஆள் கிடைக்காமல் போகவே 1986இல் இதற்கென்று நகராட்சி ஒரு பள்ளிக்கூடமே திறந்தது.

ஜல்லி உடைக்கும் சுத்தியலை வீட்டுக்கு அனுப்பியது அமெரிக்காவின் எலி விட்னி பிளேக். கனெக்டிகட்டில் தன் ஊருக்கு ஒரு மக்காடம் ரோடு போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. கல்லுடைக்க ஆகிற நேரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு இரும்புத் தாடைகள் மென்று துப்புகிற மாதிரி ஓர் இயந்திரத்தைச் செய்து 1858இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய கிரஷரின் தாத்தா அது. அப்படியும் நம் ஊரில் கை ஜல்லி அதற்குப் பின் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது, காரணம் கூலிதான்.

உங்கள் சாமான்களுக்கு வருகிறேன். சுத்தியலின் முகத்தைப் பாருங்கள், நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் நிறையக் கல் உடைத்த சுத்தியல். துருவை எண்ணெயால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்தக் குழிவை அழித்துவிடாதீர்கள். வளையத்தின் உள்விட்டத்தை அளந்தால் எந்த ஜல்லிக்கானது என்று தெரியும்: இரண்டரை அங்குலம் என்றால் அடிப்படுகை, ஒன்றரை என்றால் மேல் அடுக்கு. பலகையில் இரண்டு முனைகளின் அகலத்தையும் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். பலகை 6 அடி நீளமாக இருந்து வித்தியாசம் 2 அங்குலமாக வந்தால், 72 அங்குலத்துக்கு 2, அதாவது 36க்கு 1 சரிவு. 12 அடி அகலமுள்ள ஒற்றை வழிக் கப்பி ரோட்டுக்குச் செய்த பலகை. ஒன்றரை அங்குலம்தான் வந்தது என்றால் 48க்கு 1. இன்னும் தட்டையான ரோடு, தார் வந்த பிறகு செய்த பலகையாக இருக்கலாம். அளந்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள், மேல்விளிம்பில் ரசமட்டம் உட்கார்ந்த தேய்மானம் இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.